ஏழாம் எண் நுண்ணோக்கி

சிலிம் ரிவர் இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில்
பதினோரு நுண்ணோக்கிகள்.
நான்கின் வில்லைகளைப் பூஞ்சை தின்றுவிட்டது.
எனக்கும் சூ யென்னுக்கும் ஏழாம் எண்.
அதன் கைப்பிடியில் ஒரு ஸ்டிக்கர்:
அரசாங்கச் சொத்து, வாங்கிய ஆண்டு,
பதினெட்டு இலக்கத்தில் பதிவெண்.
எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவை.

முதலில் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்கவேண்டும்.
பிடித்தேன்.
வட்டத்துக்குள் வானம் வந்தது,
குறுக்கே ஒரு செம்பனை மட்டை,
ஆலைக்குப் போகும் லோரியின் காற்றில் ஆடிக்கொண்டு.
தட்டில் இன்னும் எதையும் வைக்கவில்லை.
சூ யென் அதையே உயிரணு என்றாள்.

பிறகு பம்பாய் வெங்காயம்.
உள்தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின்,
மேல்வில்லையைச் சாய்த்து,
தூங்குபவர் எழாமல் கதவைச் சாத்துவதுபோல்
இறக்கவேண்டும்.
நாங்கள் பொத்தென்று போட்டோம்.
சூ யென் அரைமணி நேரம் பாடுபட்டு வரைந்தது
காற்றுக் குமிழியை.
தடித்த கரிய விளிம்போடு அழகாகத்தான் இருந்தது.
நான் வரைந்தது என் இமைமயிரை.

மூன்றாம் முறை,
சின்னத் திருகை மூச்சடக்கித் திருகியபோது தெரிந்தன
லயத்து வீடுகள்போல் சுவரைப் பகிர்ந்துகொண்ட அறைகள்.
ஒவ்வொன்றிலும் மூலையில் ஒதுங்கிய பழுப்புப் பொட்டு.
நடுவிடம் முழுக்க நுண்குமிழ் பிடித்துக்கொண்டது,
தண்ணீர்த் தொட்டிக்கு அத்தனை இடம்.
புத்தகத்தில் இருந்த மைட்டோகாண்ட்ரியாவைக் காணோம்.
"இருக்கிறது. இந்தக் கருவிக்குத் தெரியாது"
என்றார் சிக்கு நோராய்னி.
இருப்பது வேறு தெரிவது வேறு என்று
நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.
அதற்கு மதிப்பெண் கிடையாது.

அடுத்தது நான்.
பல்குச்சியால் கன்னத்தின் உட்புறம் சுரண்டி
மெத்திலின் நீலம் ஒரு சொட்டு.
நாற்பது மடங்கு. பிறகு நானூறு.
பெரிதாக்கப் பெரிதாக்க வட்டம் இருண்டது,
காணக் கிடைப்பது குறைந்தது.
கூட்டமாய் இருந்தவர்கள் போய்
ஒருத்தி மட்டும் மிஞ்சினாள்.

அவளுக்குச் சுவர் இல்லை.
மெல்லிய சவ்வு, ஓரம் மடிந்து,
மழையில் நனைந்த காகிதம்போல்.
நடுவே ஒரு கருநீலம்.
சிக்கு அதை நுக்லியுஸ் என்றார்.
எனக்கு உட்கரு என்றால்தான் கரு தெரிகிறது.
எல்லா விவரமும் அதற்குள் எழுதியிருக்கிறதாம்,
தாய் பாதி, தகப்பன் பாதி.
"பிறகு ஏன் போட்டோஸ்டேட் கேட்கிறார்கள்?"
சூ யென் என் காதில் கேட்டாள்.
சிரித்ததில் மேசை ஆடியது.
அவள் வட்டத்தைவிட்டு ஓடிவிட்டாள்.

தேடினேன்.
இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகிறாள்.
மேலே என்றால் கீழே.
இந்த வித்தை எனக்குப் புதிதில்லை.
அம்மா மேடானில் பிறந்தவள்.
அவர்கள் கல்யாணத்தைப் பதியுமுன்
நான் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டேன்.
அப்பா என் கோப்பைத் தஞ்சோங் மாலிமுக்குத் தள்ளினால்
அது ஈப்போவுக்கு நகரும்.
ஈப்போவில் போய்ப் பிடித்தால் புத்ராஜெயா.
பதினாறு வருஷமாகத் திருகுகிறார்,
பெரிய திருகு, சின்னத் திருகு.
அடுத்த வருஷத்து எஸ்.பி.எம். பாரத்தில்
அடையாள அட்டை எண்ணுக்குப் பன்னிரண்டு கட்டங்கள்.
எல்லாவற்றுக்கும் நல்ல சுவர்.
உள்ளேதான் ஒன்றுமில்லை.

மணி அடித்தது.
கண்ணாடித் துண்டைக் கழுவினேன்.
கொஞ்சம் நீலமாக, நான் தொட்டிக்குள் இறங்கிப் போனேன்.
வாசலில் கருவிகளின் பதிவேடு.
பெயர்: யுகனேஸ்வரி.
வகுப்பு: நான்கு மெலாத்தி.
எண்: 7.
பெருவிரலில் சாயம் காய்ந்திருக்கவில்லை.
பெயருக்குப் பக்கத்தில்
ஒரு ரேகைகூடத் தப்பாமல் பதிந்துவிட்டது.

ஆய்வுக்கூட உதவியாளர் எட்டிப் பார்த்தார்.
"அழிக்காதே," என்றார்,
"இன்னும் அசிங்கமாகும்."